உலகம்மாள் சிஸ்டர் நிறுத்திய வரிசை

நான் வடை தட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்த நேரம். கல்லூரி வாட்ச்மேன் சண்முகம் அண்ணாச்சி கேண்டீன் வாசலில் வந்து நின்றார். வழக்கமாக நேரே உள்ளே வந்து ஒரு வடையை எடுத்து, "உப்பு பாக்கதுக்கு" என்று வாயில் போட்டுக்கொள்கிற ஆள். அன்றைக்கு வாசற்படி ஏறவே இல்லை.

"கோமதி, உலகம்மா போயிட்டாவ."

"எங்கன? அருவிக்கா? சாரல் அடிக்குன்னு கேட்ட ஒடனே சோப்பு டப்பாவத் தூக்கிட்டுக் கெளம்பியாச்சாக்கும்."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "காலையில எந்திரிக்கலையாம். மக தட்டித் தட்டிப் பாத்திருக்கா" என்றார். சட்டியில் வடை கருகியது. "கோமதி வாயடைச்சு நின்னத அன்னைக்குத்தான் பாத்தேன்" என்று அண்ணாச்சி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். சொல்லட்டும். உண்மைதான்.

சிஸ்டரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாத யார் கையிலாவது இந்த நினைவு மலர் சிக்கினால், அவர்களுக்கு இரண்டு வார்த்தை. உலகம்மாள் சிஸ்டர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஓய்வு பெற்ற கையோடு தென்காசியில் நம் சமுதாயக் கல்லூரிக்கு வந்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள், பிள்ளை பெற்ற பிறகு தையல் படிக்க வருகிறவர்கள், ஏ.சி. மெக்கானிக் ஆகி வெளிநாடு போக நினைக்கிறவர்கள் என்று பல வயதும் சேர்ந்து படிக்கிற இடம் இது. அந்த வயதுகளுக்கு உடம்பில் ஒரு சந்தேகம் வரும், காதலில் ஒரு சந்தேகம் வரும், படுக்கையில் ஒரு சந்தேகம் வரும். அதையெல்லாம் கேட்டுப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று கல்லூரி நினைத்தது. வந்த ஆள் இவர்கள். நான் அங்கே கேண்டீன் நடத்துகிறவள். படிப்பு அஞ்சாம் வகுப்பு. சேவை, தொண்டு என்றெல்லாம் எழுத எனக்கு வராது. அதை மற்றப் பக்கங்களில் படித்தவர்கள் எழுதியிருப்பார்கள். நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

வந்த அன்றைக்கே ஒரு வாக்குவாதம். முதல்வர் சார் மாடியில் நல்ல அறை ஒதுக்கி, 'பாலியல் நல ஆலோசனை மையம்' என்று பெரிய எழுத்தில் போர்டும் எழுதி வாங்கி வைத்திருந்தார். சிஸ்டர் அதை நின்று பார்த்தார்கள். "எழுத்து நல்லா இருக்கு சார். ஆனா இதுக்குக் கீழ நடந்து உள்ள போவ எந்தப் பிள்ளைக்குத் தைரியம் வரும்? எனக்கே வராது" என்றார்கள். பிறகு என் கேண்டீனுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சு அடைத்துக் கிடந்த அறையைக் கேட்டு வாங்கினார்கள். அதற்கு வழி கேண்டீனுக்குள்ளேதான். டீ குடிக்கப் போகிறவன் யார், சிஸ்டரைப் பார்க்கப் போகிறவன் யார் என்று வெளியே நிற்கிறவனுக்குத் தெரியாது. கதவில் 'முதலுதவி' என்று சின்னதாக ஒட்டினார்கள். முதல்வர் சாருக்கு ஒரே கவலை. "கோமதி வாயி ரொம்ப நீளம் சிஸ்டர். அவ பக்கத்துலயா?" என்று கேட்டிருக்கிறார். சிஸ்டர் சொன்னார்களாம்: "எப்பவும் சத்தம் போட்டுக்கிட்டு இருக்க ஆளு வெளிய இருந்தாத்தான் சார், உள்ள பேசுதது யாருக்கும் கேக்காது."

என் வாயை இந்த உலகத்தில் உபயோகமான பொருளாகப் பார்த்த ஒரே ஆள் அவர்கள்தான்.

வகுப்பு மட்டும் எல்லாருக்கும் பொதுவாகக் கேண்டீன் ஹாலில் நடக்கும். அதனால் எனக்கும் ஓசியில் பாடம். நம் பக்கத்தில் உடம்பின் பாதிக்குப் பெயரே கிடையாது. தலை உண்டு, வயிறு உண்டு, அதற்குக் கீழே எல்லாம் 'அங்கன'தான். ஒரு நாள் தையல் படிக்கிற பிள்ளை எழுந்து, "சிஸ்டர், அங்கன அரிச்சா என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"அங்கனன்னா எங்கன? செங்கோட்டையிலயா?"

ஹாலே சிரித்தது. அந்தப் பிள்ளையும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சிஸ்டர் சிரிக்கவில்லை. "எறங்குத எடத்துக்குப் பேரு சொல்லலன்னா கண்டக்டர் டிக்கெட்டே தர மாட்டான். மருந்து மட்டும் எப்படிம்மா போய்ச் சேரும்?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் உள்ள பெயரைச் சொன்னார்கள். கை, கால், முழங்கால் என்று எந்தக் குரலில் சொல்வார்களோ அதே குரல். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். நாற்பது தாண்டிய எனக்கு என் உடம்பின் பெயர்கள் அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தன. ஒரு மனுஷி கூச்சமே இல்லாமல் ஒரு சொல்லைச் சொல்லும்போது அந்தச் சொல்லில் இருந்த அழுக்கெல்லாம் எப்படிப் போய்விடுகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆணுறை எப்படிப் போடுவது என்று காட்டினார்களே, அந்த நாளையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வாழைக்காய் என்னிடம்தான் வாங்கினார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் மாடியில் நடந்த பாடம் முடிந்து பிள்ளைகள் கேண்டீனுக்கு வந்தார்கள். தட்டு நிறைய வாழைக்காய் பஜ்ஜி சுடச்சுட அடுக்கி வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளைகூடத் தொடவில்லை. தட்டைப் பார்ப்பதும் குனிவதுமாகப் போகிறார்கள். கடைசியாக சிஸ்டர் வந்தார்கள். இரண்டு எடுத்து, சட்னி தொட்டு, நின்று நிதானமாகத் தின்றார்கள். "இன்னைக்கு வியாபாரத்தக் கெடுத்திட்டியளே" என்றேன். "நாளைக்குச் சரியாயிரும். பயம் போயிட்டுன்னா பசி வரும்" என்றார்கள். மறுநாள் உண்மையிலேயே தீர்ந்துபோனது.

இன்னொரு நாள் ஒரு பையன் என் கடை முன்னாலேயே சிஸ்டரிடம் பெருமை அடித்தான். "அவ போன் பாஸ்வேர்டு எனக்குத் தந்துட்டா சிஸ்டர். அவ்வளவு லவ்வு."

"நல்லது. ஒன் பாஸ்வேர்ட அவகிட்ட குடுத்துட்டியா?"

"அது எதுக்கு சிஸ்டர்?"

"சரி, அவளுக்கு வேண்டாம். எனக்குக் குடு, ஒருக்கா பாத்துட்டுத் தாரேன்" என்று கையை நீட்டினார்கள். அவன் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "ஏலே, பச்சப்பிள்ளையத் தூக்கிட்டுப் போவ வந்த மாதிரில்லா பயப்படுதே" என்று நான் சொன்னேன். சிஸ்டர், "அவளுக்கும் அப்படித்தானே இருக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உபதேசம் ஒரு சொல் இல்லை.

இனிச் சொல்லப்போவது ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் பற்றி. இரண்டு பேரும் நம் கல்லூரியில் படித்தவர்கள். இதை எழுதச் சொன்னதே அவர்கள்தான். பெயர் போட மாட்டேன். ஊரையும் மாற்றித்தான் சொல்லுகிறேன். ஆகவே கடையத்துக்காரர்கள் உங்கள் தெருவில் யார் என்று தேடிக்கொண்டு அலைய வேண்டாம். நடந்த காலத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் தெரிந்துகொண்டே படியுங்கள். அப்போதுதான் சிஸ்டர் யார் என்று விளங்கும்.

அவன் அச்சன்புதூர், அவள் கடையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு அவள் மாமா மகள். நிச்சயம் செய்து தட்டு மாற்றியாகிவிட்டது. முறைப்பெண்தானே, நிச்சயமும் ஆகிவிட்டதே என்ற தைரியத்தில் இரண்டு பேரும் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முந்திக்கொண்டார்கள். அது அவர்கள் சோலி. ஆனால் அதற்கு முன்னாலேயே அவனுக்கு வேறோர் இடத்திலிருந்து நோய் ஒட்டியிருந்தது. மறைவான இடத்தில் ஒரு புண். வலி கிடையாது. கூட்டாளியிடம் பட்டும் படாமலும் சொல்லியிருக்கிறான். "சூடுலே, உடம்புச் சூடு. எண்ணெய் தேச்சு அருவியில நில்லு" என்று அந்தக் கூட்டாளி சொல்லிவிட்டான். சீசன் நேரம் வேறு. இவனும் குற்றாலம் பேரருவியில் தலையைக் கொடுத்து நின்றான். விடாமல் போய்ப் போய் நின்றான். புண் ஆறியே போய்விட்டது! மூலிகைத் தண்ணியென்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டான்.

நம் பக்கத்து ஆட்களுக்கு மட்டுமே வாய்க்கிற தப்பு இது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் பயந்துபோய் டாக்டரிடமாவது ஓடியிருப்பான். நமக்குத்தான் கூப்பிடு தூரத்தில் அருவி விழுகிறதே.

பிறகு ஒரு வகுப்பில் சிஸ்டர், "வலிக்குத புண்ணுக்கு நான் பயப்பட மாட்டேன். வலிக்காம வந்து தானா ஆறிப்போற புண்ணுக்குத்தான் பயப்படுவேன்" என்று சொன்னது அவன் காதில் விழுந்தது. மறுநாள் டீயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.

"அருவியில நின்னு எல்லாம் சரியாயிட்டு சிஸ்டர். சும்மா ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

"அருவி மேல இருக்கதக் கழுவும்லே. ரத்தத்துக்குள்ள போயிக் கழுவுமா?"

ஆஸ்பத்திரிக்கு அவர்களே கூட்டிக்கொண்டு போனார்கள். ரத்தம் பார்த்ததில் சிபிலிஸ் என்று வந்தது. பழைய ஆட்கள் மேகநோய் என்பார்களே, அது. ஊசியில் குணமாகிற நோய். ஊசி போட்டார்கள். ஆனால் அவளுக்கும் ஒட்டியிருக்கலாம். ஒட்டியிருந்து வைத்தியம் பார்க்காமல் விட்டால் அவள் உடம்பையும் கெடுக்கும், நாளைக்கு வயிற்றில் வருகிற பிள்ளையையும் கெடுக்கும். அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"நீயா சொல்லுதியா, இல்ல நான் பக்கத்துல இருக்கும்போது சொல்லுதியா?"

"சொன்னா கல்யாணம் நின்னுரும் சிஸ்டர். மாமா என்னைய வெட்டிப் போட்டுருவாரு. ஊரு உலகம் என்ன சொல்லும்?"

"உலகம் இங்கனதான்லே உக்காந்திருக்கேன். நான் யாருகிட்டயும் ஒண்ணுஞ்சொல்ல மாட்டேன். ஆனா நீ அவகிட்ட சொல்லணும்."

தலையை ஆட்டிவிட்டுப் போனவன் அப்புறம் கல்லூரிப் பக்கமே வரவில்லை.

அந்த நாட்களில் சிஸ்டர் கேண்டீன் பெஞ்சில் வாசல் கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். டீயில் ஆடை படிந்துகிடக்கும். "யாருக்குக் காத்துக்கெடக்கிய? பழைய லவ்வரா?" என்று நான் கேட்டேன். "ஆமா கோமதி. வந்தா ஒனக்கும் காட்டுதேன்" என்றார்கள். பக்கத்துப் பெஞ்சில் அந்தப் பெண் தோழிகளோடு உட்கார்ந்து கல்யாணப் புடவை கலர் பேசிக்கொண்டிருப்பாள். நான் சும்மா இருப்பேனா? "ஏட்டி, மாப்பிள்ளைய ஆளக் காணும்? இப்பமே ஒளிய ஆரம்பிச்சிட்டானா?" என்பேன். அவள் வெட்கப்படுவாள். சிஸ்டரும் கூடச் சிரிப்பார்கள். அவள் உடம்பில் என்ன ஓடுகிறதோ என்று தெரியாமல், தெரிந்ததைச் சொல்லவும் முடியாமல், எங்களோடு உட்கார்ந்து சிரித்தார்கள். இப்போதும் அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்க்கிறேன். முகத்தில் ஒரு கோடு மாறவில்லையே!

திடீரென்று ஒரு நாள், கல்லூரி முழுவதுக்கும் ரத்தப் பரிசோதனை என்று அறிவித்தார்கள். மைக் பிடித்து, "கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாக்கியல்லா? ரத்தத்தையும் ஒருக்கா பாத்துருங்க" என்று ஆரம்பித்து, என்னென்ன நோய்க்குப் பார்ப்பார்கள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார்கள். வேண்டாம் என்கிறவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம், முடிவை அவரவரிடம் தனியாகத்தான் சொல்வோம் என்றார்கள். அப்புறம் நேராக என்னிடம் வந்தார்கள்.

"வரிசையில நீதான் மொதல்ல நிக்கணும்."

"எனக்கு எதுக்கு? வீட்டுக்காரர் போயி எத்தனையோ காலமாச்சு. நான் யாருக்குப் பொருத்தம் பாக்கப் போறேன்?"

"ஒனக்காக இல்லட்டி. ஒன்னையப் பாத்து நாலு பிள்ளைங்க சிரிக்கணும். சிரிச்சுக்கிட்டே நின்னா பயம் தெரியாது."

நின்றேன். எனக்குப் பின்னால் முதல்வர் சார். "சாருக்கு எப்பம் கல்யாணம்?" என்று கேட்டேன். வராந்தாவே அதிர்ந்தது. அதற்குப் பின்னால் சண்முகம் அண்ணாச்சி, வாத்தியார்கள், பிள்ளைகள் என்று வரிசை வாசல் கேட் வரைக்கும் நீண்டது. நடுவில் எங்கேயோ அந்தப் பெண். நான் பஞ்சை அழுத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் வம்பிழுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவன் வந்தான். தாடி வளர்ந்து, பழைய சட்டையோடு. வரிசைக்குப் போய் அவளிடம் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார்கள். "ஏலே, கொஞ்சுததக் கல்யாணத்துக்குப் பெறவு வெச்சுக்கிட மாட்டியளா? இங்கன வரிசை போவுது" என்று நான் கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் பேசிக்கொண்டே இருந்தான். அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி நடந்து வந்தாள். தன் இடத்தில் நிற்கவில்லை. நேரே முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஊசிக்குப் பயம் போல என்று நினைத்து நான் வாயைத் திறந்தேன். சிஸ்டர் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, "கோமதி, எல்லாருக்கும் டீ போடு" என்றார்கள். அந்தக் குரலில் என்ன இருந்ததோ, மூச்சுக் காட்டாமல் எழுந்து போய் டீ போட்டேன்.

அவளுக்கும் இருந்தது. ஆரம்பத்திலேயே தெரிந்ததால் ஊசியோடு போனது. படிப்பு முடியட்டும் என்று வீட்டில் சொல்லிக் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டாள். ரொம்ப நாள் அவனோடு பேசவில்லை. "இவனைக் கெட்டலாமா சிஸ்டர்?" என்று கேட்டிருக்கிறாள். "அது என் சோலி இல்லம்மா. அத்த மகன்னு கெட்டாத. ஊசி போட்டாச்சுன்னும் கெட்டாத. ஒனக்கு வேணும்னா கெட்டு" என்று பதில் வந்ததாம். அவள் யோசித்து, தன் இஷ்டத்துக்கு, தனக்கு வேண்டிய நேரத்தில் கட்டிக்கொண்டாள். அவனும் அதுவரை காத்துக்கிடந்தான்.

இதையெல்லாம் சிஸ்டரை எடுத்த அன்றைக்குச் சாயங்காலம், இடுப்பில் பிள்ளையோடு அவள் என்னிடம் சொன்னாள். அவன் பக்கத்தில் நின்றான்.

"சிஸ்டர் என்னையத் தொரத்தவே இல்லக்கா" என்றான். "போன்ல ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாவ. வியாழக்கிழமை ரத்தம் எடுக்குதோம், அவளும் வருதா. காயிதத்தப் பாத்து அவளுக்குத் தெரியணுமா, நீ சொல்லித் தெரியணுமா, அத மட்டும் யோசின்னாவ."

அவள் சொன்னாள்: "நானும் பெறவு சிஸ்டர்கிட்ட சண்டைக்குப் போனேன்க்கா. தெரிஞ்சுக்கிட்டே எங்கூட உக்காந்து சிரிச்சியளே, என்கிட்ட நேரா சொன்னா என்னன்னு கேட்டேன். அதுக்குச் சிஸ்டர் சொன்னாவ: 'அவன் என்கிட்ட குடுத்து வெச்ச ரகசியம் அவனோடது, அத எடுத்து ஒனக்குத் தர எனக்கு உரிமை இல்லம்மா. ஆனா ஒன்னைய அப்படியே விட்டுட்டு உறங்கவும் முடியலை. ஒன்ன மட்டும் கூப்பிட்டா ஒன்னையத்தானே எல்லாரும் பாப்பாவ. அதான் எல்லாரையும் வரிசையில நிப்பாட்டிட்டேன்'னு."

முதல்வர் சாரும், அண்ணாச்சியும், கையில் பஞ்சோடு நானும், அத்தனை பேரும் ஒரு பெண்ணை மறைக்கிற திரையாக நின்றிருக்கிறோம். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. திரை பிடிக்கிறோம் என்று தெரிந்திருந்தால் நாங்கள் எல்லாரும் திரும்பி அவளைத்தானே பார்த்திருப்போம். இதை யோசித்து வைத்த மனசு எவ்வளவு பெரியது என்று என் அஞ்சாம் வகுப்புக்கு அளந்து சொல்லத் தெரியவில்லை.

சாவு வீட்டுக்குப் போனால் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "நீங்க அவியளுக்கு எந்த வகையில?" என்பதுதான். அத்தையா, சித்தியா, பங்காளியா என்று தெரிந்த பிறகுதான் அழுவார்கள். சிஸ்டருக்குச் சொந்தம் கொஞ்சம். ஆனால் அன்றைக்குத் தெருவில் கால் வைக்க இடமில்லை. ஆட்டோக்காரர்கள், நகைக்கடைச் சீருடையில் வந்த பிள்ளைகள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்ற பெண்கள், செங்கோட்டை ரயிலில் வந்து இறங்கியவர்கள். பாதிப் பேர் யார் என்று சிஸ்டருடைய மகளுக்கே தெரியவில்லை. ஆனால் யாரும் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்து, எந்த வகையில் என்று கேட்கவில்லை. அப்படி ஒரு சாவு வீட்டை நான் கண்டதில்லை. அத்தனை பேருடைய ரகசியமும் அந்த ஒரு நெஞ்சில் இருந்தது. ஒன்றுகூடச் சிந்தாமல் கூடவே போனது.

சுவரோரம் ஒருவர் நின்று அழுதுகொண்டிருந்தார். என் வயது இருக்கும். நரைத்த மீசை, லாரி டிரைவர் போல இருந்தார். கையில் பெரிய ரோஜா மாலை. அதைப் போடப் பக்கத்தில் வரவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. என் நாக்கு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். "ஒங்களுக்கு எந்த ஊரு, சிஸ்டரை எப்படிப் பழக்கம்?" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அங்கேயே மடக்கினேன். ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தார். மாலையை என் கையில் தந்து, "நீங்களே போட்டுருங்கம்மா" என்றார். வாங்கிப் போட்டேன். திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லை.

அவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்காமல் விட்ட அந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. சிஸ்டர் எனக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான், அதை யாருக்கும் கொடுக்கமாட்டேன்.